சபைக்குரலும் சோல் இசையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிறு வயதிலிருந்தே ஆலயப் பாடகர் குழுவில் பாடி வருகிறேன். சபைப்பாட்டும் ப்ளூஸும் கலந்து பிறந்த அமெரிக்கக் கறுப்பின இசையான சோல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதன் பாடகர் ரே சார்ல்ஸைக் கேட்டேன், பிடித்திருந்தது. ஆனால் அவருடைய 'ஐ காட் எ வுமன்' ஒரு கிறிஸ்தவப் பாட்டிலிருந்து எடுத்தது என்று தெரிந்ததும் மனம் ஒப்பவில்லை. ஆண்டவரைப் பாடிய மெட்டில் ஒரு பெண்ணைப் பாடலாமா? திருட்டுதானே இது?

கே.

அன்புள்ள கே.,

அந்தப் பாட்டு வந்த நாளிலேயே பலருக்கு உங்கள் வருத்தம் இருந்தது. பிக் பில் புரூன்சி, கறுப்பின மக்களின் உலகியல் பாட்டான ப்ளூஸைப் பாடியே வாழ்ந்தவர். ப்ளூஸையும் பக்திப் பாட்டையும் ரே சார்ல்ஸ் கலக்கிறார், இவர் சபையில் பாட வேண்டியவர் என்று அவரே கண்டித்தார்.

1954-இல் ரே சார்ல்ஸின் குழு ஊர் ஊராகக் காரில் போய்க்கொண்டிருந்தது. வானொலியில் சதர்ன் டோன்ஸ் என்ற சபைப் பாடற்குழு பாடிய 'இட் மஸ்ட் பி ஜீசஸ்' வந்தது. அவரும் டிரம்பெட் வாசித்த ரெனால்ட் ரிச்சர்டும் அதன் மேல் புதுச் சொற்களைப் போட்டார்கள். நவம்பரில் அட்லாண்டாவில் ஒரு வானொலி நிலையத்தில் பதிவு. அடுத்த ஆண்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற கறுப்பின இசையின் வெற்றிப் பட்டியலில் முதலிடம். பாட்டை எழுதியவர்கள் என்று இவர்கள் இருவர் பெயர்தான் இருக்கிறது. அந்த மட்டில் உங்கள் கோபம் நியாயம்.

சரி, ஆண்டவரின் மெட்டு என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது? சபைப் பாட்டுகள் எழுதிப் புகழ்பெற்ற தாமஸ் டார்சி போதகரின் மகன். முதலில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் கொச்சையான ப்ளூஸ் பாட்டுகள் போட்டுப் பேர் வாங்கியவர். 1932-இல் செயின்ட் லூயிஸுக்குப் போயிருந்தபோது அவருக்குத் தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவி போய்விட்டார். குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் எழுதியதுதான் 'டேக் மை ஹாண்ட், பிரெஷியஸ் லார்ட்'. சபைக்குத் திரும்பினாலும் விரல்கள் ப்ளூஸ் விரல்கள்தானே. அவருடைய பாட்டுகளை முதலில் பல சபைகள் உள்ளே விடவில்லை. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதி நிகழ்வில் சபைப் பாடகி மஹாலியா ஜாக்சன் பாடியது இந்தப் பாட்டைத்தான். ரே சார்ல்ஸ் சபையிலிருந்து எடுப்பதற்கு இருபது வருடம் முன்பே சபை ப்ளூஸிடம் வாங்கியிருந்தது.

சாம் குக் பட்ட பாடு வேறு. சோல் ஸ்டிர்ரர்ஸ் என்ற சபைப் பாடற்குழுவின் முன்னணிக் குரல் அவர். அவர்களுடைய 'வொண்டர்ஃபுல்' பாட்டையே 'லவபிள்' என்ற காதல் பாட்டாக மாற்றி, சபைக்காரர்களுக்குத் தெரியாமலிருக்க 'டேல் குக்' என்ற பெயரில் வெளியிட்டார். ஒரு உயிரெழுத்தை மேலே ஏற்றி, உடைத்து, மெல்ல இறக்கும் அந்தக் குழைவு யாருக்குத் தெரியாது? ஆள் உடனே பிடிபட்டார். 1957-இல் 'யூ செண்ட் மீ' அவரைச் சொந்தப் பெயரிலேயே நாடு முழுக்கக் கொண்டுபோனது.

மெட்டை விடுங்கள். சபையிடமிருந்து சோல் பெற்றதில் பெரியது, ஒருவர் கூப்பிட மற்றவர்கள் பதில் கொடுக்கும் அந்த உறவு என்றே நான் நினைக்கிறேன். 1958 கடைசியில் ஒரு நடன நிகழ்ச்சி. கையிருப்பில் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது, நேரமோ மிச்சம். ரே சார்ல்ஸ் மின்பியானோவில் ஒரு தாளக்கட்டைப் பிடித்து, நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று பின்பாட்டுப் பெண்களிடம் சொன்னார். அப்படிப் பிறந்தது 'வாட் ஐ சே'. இசைத்தட்டில் பாதியில் இசை நின்றுவிடும். நிறுத்தாதே என்று குழுவே கத்தும். அப்புறம் அவர் 'ஹேய்' என்பார், பெண்கள் 'ஹேய்' என்பார்கள். அவர் 'ஹோ', அவர்களும் 'ஹோ'. சொல்லே இல்லாமல் முனகலும் பதில் முனகலுமாக ஏறிக்கொண்டே போகும். சில வானொலி நிலையங்கள் இதை ஆபாசம் என்று தடை செய்தன.

அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். பாடகர் குழுவில் நிற்பவர் நீங்கள். அந்தப் பெண்கள் எந்த மூச்சில் உள்ளே வருகிறார்கள் என்பது உங்களுக்குக் கேட்கும்.