முன்னாள் படைவீரர்களுக்கென்று தனிச் செய்தி ஊடகம் எதற்கு? நாளிதழ்கள் போதாதா?

இதைக் கேட்டவர் படையில் இருந்தவராகவோ, ஓய்வூதியத் தளத்தின் கடவுச்சொல்லை மாதாமாதம் மறந்துவிடும் ஒரு முன்னாள் சிப்பாயின் பிள்ளையாகவோ இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். இருந்திருந்தால் கேள்வி வேறுவிதமாக வந்திருக்கும். குறையாகச் சொல்லவில்லை, தெரியாததைக் கேட்பதற்குத்தானே இந்த இடம்.

நான் தரைப்படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி, 2013-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். பத்திரிகைத் தொழிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு நாளிதழ்ச் செய்தியை நம்பி நான் செய்த ஒரே ஒரு தொலைபேசி அழைப்பால், என்னோடு ஒரே யூனிட்டில் பல ஆண்டுகள் இருந்த ஒருவர் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போனது. அதனால்தான் எழுதுகிறேன்.

2022 டிசம்பர் 23 அன்று, 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' (ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணியாற்றியவர்களுக்கு, எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம்) திட்டத்தின் கீழ் ஓய்வூதியத்தை 2019 ஜூலை 1 முதல் திருத்தி அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மறுநாள் காலை நான் வாங்கிய நாளிதழில் அது முதல் பக்கச் செய்தி. 25.13 இலட்சம் பேருக்குப் பயன், நிலுவைக்கு 23,638 கோடி ரூபாய், நான்கு அரையாண்டுத் தவணைகள் என்றெல்லாம் விரிவாகப் போட்டிருந்தார்கள். பதவிவாரியாக ஒரு சிறு அட்டவணையும் இருந்தது. நாயக் பதவிக்கு எதிரே, 2022 ஜூன் வரையிலான நிலுவை சுமார் 1,14,000 ரூபாய் என்று இருந்தது. என் நண்பர் நாயக்காகத்தான் வெளியே வந்தார். பக்கவாதத்தில் விழுந்த தாயாரைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாததால், 22 ஆண்டுகள் வரை இருக்கக்கூடியவர், 18 ஆண்டுகளிலேயே சொந்த வேண்டுகோளின் பேரில் 2017-இல் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டார். நாளிதழை மடிக்காமலேயே அவரை அழைத்து, தொகையை இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினேன். தவணை வந்ததும் மீட்டுக்கொள்ளலாம் என்று மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, கிணற்றுக்குப் புதிய மோட்டார் இறக்கினார்.

2023 ஜனவரி 20 அன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆணை வந்தது. எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். பணிக்காலம் முழுவதும் எழுத்தராக இருந்தவர், சுற்றறிக்கையைச் சிலர் பஞ்சாங்கம் பார்ப்பது போலப் பார்ப்பவர். அவர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் அட்டவணைப் பக்கத்துக்கே போகவில்லை. "நீ எந்தக் கணக்கில் வெளியே வந்தாய்?" என்று மட்டும் நண்பரைக் கேட்டுவிட்டு, முன்பே அச்செடுத்து வைத்திருந்த டிசம்பர் மாத அரசு அறிக்கையை எடுத்து, ஒரு வரியின் நடுவே பேனா முனையை வைத்தார். 2014 ஜூலை 1 முதல் முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்கள் நீங்கலாக என்று சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தது. அரசு மறைக்கவில்லை; முதல் நாள் அறிக்கையிலேயே அது இருந்திருக்கிறது. நான் படித்த நாளிதழில்தான் அந்த அடைப்புக்குறி விழுந்துபோயிருந்தது. "அப்ப எனக்குக் கிடையாதாண்ணே?" என்று நண்பர் என்னைத்தான் கேட்டார், சுபேதாரை அல்ல.

இதைப் படித்துவிட்டு, "உங்கள் அவசரத்துக்கு நாளிதழ் என்ன செய்யும், அரசு அறிக்கையை நீங்களே படித்திருக்கலாமே" என்று யாரேனும் பின்னூட்டம் எழுதுவார்கள். எழுதட்டும், அதில் பாதி நியாயம் இருக்கிறது. 2015 நவம்பர் 7 ஆணையிலேயே, இனிமேல் சொந்த வேண்டுகோளில் வெளியேறுவோருக்கு இந்தப் பயன் கிடையாது என்று எழுதியிருந்ததை நான் அறிந்திருக்க வேண்டும். அந்த விதி சரியா என்பது நீதிமன்றம் வரை போன வேறு விவகாரம். அதை இங்கே இழுக்கவில்லை. என் வாதம் இவ்வளவுதான்: பொது நாளிதழுக்கு இந்தச் செய்தியின் வாசகர் வரி கட்டும் குடிமகன், எனவே எத்தனை கோடி என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு முதலில் தெரிய வேண்டியது, தான் கணக்கில் இருக்கிறானா, இல்லையா என்பது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிலுவைக்குக் கெடு விதித்தபோதும் இதே கதைதான். 'அரசுக்குக் கண்டனம்' என்ற தலைப்பின் அடியில், குடும்ப ஓய்வூதியர்களுக்கு 2023 ஏப்ரல் 30, எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஜூன் 30, மற்றவர்களுக்கு 2024 பிப்ரவரிக்குள் மூன்று தவணைகள் என்ற விவரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் 'சைனிக் சமாச்சார்' இருக்கிறதே என்பீர்கள். 1909-இல் 'ஃபௌஜி அக்பார்' என்று தொடங்கி, 1954-இல் பெயர் மாறி, தமிழ் உட்பட 13 மொழிகளில் வெளிவந்த இதழ் அது. யூனிட்டின் தகவல் அறையில் தமிழ்ப் பிரதிக்காக நான் காத்திருந்திருக்கிறேன். பனியில் இருக்கும்போது தமிழ் எழுத்தைப் பார்ப்பதே ஒரு தெம்பு. ஆனால் அது பாதுகாப்பு அமைச்சகமே நடத்தும் இதழ். அணிவகுப்பு, பதக்கம், விளையாட்டு எல்லாம் அதில் நன்றாக வரும். ஓய்வூதியத்தில் யார் விடுபட்டார்கள் என்று அமைச்சகத்தையே கேட்பது அதன் வேலை அல்ல. அமெரிக்காவில் 1861-இல் மிசௌரி மாநிலத்தில் சிப்பாய்களே அச்சடித்துத் தொடங்கிய 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பணத்தையும் பெற்றுக்கொண்டு, ஆசிரியர் குழுவின் சுதந்திரத்தையும் வைத்திருந்தது. 2020-இல் அதை மூடும் முயற்சி வந்தபோது, கட்சி வேறுபாடின்றி எதிர்ப்புக் கிளம்பி, முடிவு கைவிடப்பட்டது. அதுபோல ஒன்று நம் மொழியில் இருந்திருந்தால், அந்த அடைப்புக்குறிதான் அதன் தலைப்பாகியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு வெளியே போவதாக நினைத்தாலும் பரவாயில்லை. நில அளவைத் தகராறிலோ குடிபோதைச் சண்டையிலோ எங்களில் ஒருவன் சிக்கினால் 'முன்னாள் ராணுவ வீரர் கைது' என்று தலைப்பு வருகிறது. முன்னாள் மளிகைக்கடைக்காரர் கைது என்று ஒரு நாளும் நான் படித்ததில்லை. கைதாகும்போது நினைவுக்கு வரும் பழைய பணி, மருத்துவமனைக் கட்டணத்துக்குப் பணம் கிடைக்காமல் ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டையோடு அலையும்போது ஏன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை?

நண்பருக்கு அடகு வட்டியை நான் கட்ட முன்வந்தேன், வாங்க மறுத்துவிட்டார். எனக்கு நிலுவைத் தவணைகள் வந்ததை அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. 2024 ஜூலை முதல் அடுத்த திருத்தம் என்று செய்தி வந்த அன்று அவரே அழைத்தார். "அண்ணே, தொகையைச் சொல்லாதீங்க. அடைப்புக்குறிக்குள்ள என்ன போட்டிருக்குன்னு மட்டும் படிங்க," என்றார். சுபேதார் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.