யோங்கிண்ட் தம் ஓவியங்களை எப்படி விற்றார்?

நெதர்லாந்தில் 1819-இல் பிறந்து, கணநேர ஒளியையும் வண்ணத்தையும் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிச ஓவியப் பாணிக்கு முன்னோடியாகப் போற்றப்படும் யோகான் பார்தோல்ட் யோங்கிண்ட், ஏராளமாக வரைந்தும் ஏன் கடனில் தவித்தார், தம் ஓவியங்களை எப்படி விற்றார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

1846-இல் பாரிஸுக்குச் சென்ற அவருக்கு 1852-ஆம் ஆண்டு சலோன் எனும் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது. ஆயினும் குடிப்பழக்கமும் கடனும் சேர்ந்து, 1855-இல் அவரை நெதர்லாந்துக்கே, ரோட்டர்டாம் நகருக்குத் திரும்பச் செய்தன. அங்கிருந்து ஓவியங்களைப் பாரிஸ் வணிகர் மார்த்தனுக்கு அனுப்பியே பணம் பெற்றார். 1860-இல் ஓவிய நண்பர்கள் தங்கள் படைப்புகளை ஏலத்துக்குக் கொடுத்து, அந்தத் தொகையில் அவரைப் பாரிஸுக்கு மீட்டு வந்தனர். கலை வரலாற்றில் இத்தகைய நட்பு அபூர்வம் என்றே கருதுகிறேன். 1862-இல் ஹாலந்துக் காட்சிகளைச் செதுக்கோவியங்களாக, அதாவது உலோகத் தகட்டில் பதித்த கோடுகளிலிருந்து தாளில் எடுக்கும் படிகளாக, அச்சிட்டு வெளியிட்டதால், எண்ணெய் ஓவியம் வாங்க இயலாதவர்களிடமும் அவர் கலை சென்றது.

அவருடைய நீர்வண்ணத் தாள்களில் பென்சில் கோடுகள் மறைக்கப்படாமல் தெரியும். அவற்றின் மேல் ஓரிரு மெல்லிய பூச்சுகளே இருக்கும். வானத்தின் ஒளிக்காகத் தாளின் வெண்மையே பல இடங்களில் விடப்பட்டிருக்கும். வெளியில் தீட்டிய இவற்றைக் கொண்டே பின்னர் அறையில் எண்ணெய் ஓவியங்களை உருவாக்கினார். தம் கண்களுக்கு இறுதிப் பயிற்சி அளித்தவர் யோங்கிண்டே என்று இம்ப்ரெஷனிச ஓவியர் கிளாட் மோனே பிற்காலத்தில் நன்றியுடன் குறிப்பிட்டார்.