'கேஷுவல்' வேலையும் கேஷுவல் சட்டையும்

தம்பி, இங்கிலாந்தின் லெஸ்டரில் கிடங்கு வேலைக்குக் கொடுத்த ஒப்பந்தத்தில் 'கேஷுவல்' என்றிருக்கிறது, கல்லூரி விருந்து அழைப்பிலும் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்று அதே சொல், "இரண்டும் ஒன்றுதானா காக்கா?" என்று கேட்டிருக்கிறாய். கீழக்கரையிலிருந்து வந்த கையோடு நல்ல கேள்விதான் கேட்டாய்.

லத்தீனில் 'காசுஸ்' என்றால் விழுதல். அதிலிருந்து, எதிர்பாராமல் நேர்வது. பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் 'தற்செயலானது' என்பதே பொருள். அலட்டிக்கொள்ளாத, சம்பிரதாயம் பார்க்காத என்பதெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. உடுப்புக்கு அந்தப் பெயர் வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். நம் அரசு அலுவலகங்களில் 'கேஷுவல் லீவு' தற்செயல் விடுப்பு ஆயிற்றே, அப்படிப் பெயர்த்தவர் வேரைப் பிடித்தவர். ஆஸ்பத்திரி 'கேஷுவல்டி'யும் இந்தக் குடும்பம்தான்.

உன் ஒப்பந்தத்தில் இருப்பது அந்தப் பழைய பொருள். வாலிநோக்கம் உப்பளத்தில் மழை இறங்கினால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை அல்லவா? இங்கே மழைக்குப் பதில் ஆர்டர். குவிந்தால், "நாளை காலை ஐந்து மணிக்கு வா" என்று இரவு பத்து மணிக்குக் குறுஞ்செய்தி வரும். வற்றினால் வாரம் முழுக்க ஒன்றும் வராது. வீட்டு வாடகைக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் தேர்வு நேரத்தில் வரமுடியாது என்று நீயும் சொல்லலாம். குறைந்தபட்ச ஊதியம் உனக்கும் உண்டு. வேலை செய்த நேரத்தில் 12.07 விழுக்காடு, சம்பளத்தோடு கூடிய விடுப்பாகச் சேரும்; தானாக வரும் என்று இருந்துவிடாதே, கேட்டு வாங்கு.

பட்டப்படிப்புக்கான மாணவர் விசா உனக்கு. பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. "இன்னும் இரண்டு மணி நேரம் நில்லேன்" என்று மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொல்வார். விசாவுக்குக் கேடு வந்தால் அவரைத் தேடிப் பிடிக்க முடியாது. நேரத்தை நீயே ஒரு நோட்டில் குறித்து வை.

இனி விருந்து விஷயத்துக்கு வருகிறேன். 'ஸ்மார்ட் கேஷுவல்' என்றால் காலர் வைத்த சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட், துடைத்த ஷூ. டை வேண்டாம். கைலிதான் எனக்கும் ஆசை, ஆனால் அது கேஷுவலிலும் சேராது, ஸ்மார்ட்டிலும் சேராது. ஜீன்ஸ் சில இடங்களில் செல்லும், சில இடங்களில் செல்லாது. அழைத்தவரிடமே கேட்டுவிடு, இங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.