புகையூட்டிய சால்மனைக் கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு இது ஐந்தாம் மாதம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். பிரான்சில் இருந்து வந்த நாத்தனார், புகையூட்டிய சால்மன் மீன் இரண்டு பாக்கெட் கொண்டுவந்தார். போன வாரம் இரண்டு துண்டை ரொட்டியில் வைத்து அப்படியே சாப்பிட்டேன். விஷயம் தெரிந்ததும் மாமியார், பிரசவம் வரைக்கும் மீனே வேண்டாம் என்கிறார். பயமாக இருக்கிறது. இன்னொரு பாக்கெட்டை என்ன செய்வது?

பதில்: அந்த இரண்டு துண்டால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராமல் போகவே வாய்ப்பு மிக அதிகம். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது பரிசோதனையோ ஆன்டிபயாடிக் மாத்திரையோ தேவையில்லை.

ஆனால் அடுத்த இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கவனமாக இருங்கள். 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், உடம்புவலி, வயிற்றுப்போக்கு வந்தாலோ, தெரிய ஆரம்பித்த குழந்தையின் அசைவு குறைந்தாலோ, அன்றைக்கே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். இந்த மீனைச் சாப்பிட்டதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றதும் டெங்குவும் டைபாய்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். சால்மன் சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் சொன்னால் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புவார்கள். தேவைப்பட்டால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடிய ஆம்பிசிலின் ஊசி இருக்கிறது.

நான் இவ்வளவு சொல்லக் காரணம் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா. சாப்பிட்டு 70 நாள் கழித்துக்கூட நோயைக் காட்டலாம். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடும். நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போனால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தை வயிற்றிலேயே இறப்பது வரை கொண்டுபோகும். அரிதுதான், ஆனாலும் அலட்சியம் கூடாது.

சால்மனைப் பெரும்பாலும் உப்பில் ஊறவைத்து, சூடில்லாத புகையில் வைப்பார்கள். வாசனை ஏறும், மீன் வேகாது. அதாவது நீங்கள் சாப்பிட்டது பச்சை மீன்தான். மற்ற கிருமிகள் பெரும்பாலும் ஃபிரிட்ஜ் குளிரில் அடங்கிக் கிடக்கும். லிஸ்டீரியா அங்கேயும் மெல்லப் பெருகும். காற்றை உறிஞ்சி அடைத்த பாக்கெட்டும் அதைத் தடுக்காது. ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது. எலுமிச்சை பிழிந்தாலும் பயனில்லை. நன்றாகச் சூடேற்றினால்தான் சாகும்.

மிச்சமுள்ள பாக்கெட்டைப் பற்றி ஒரு விஷயத்தை நாத்தனாரிடம் கேளுங்கள். ஐஸ் இல்லாமல் பெட்டியில் வந்ததா? அப்படியானால் தேதி மீதம் இருந்தாலும் தூக்கிப்போடுங்கள், வீட்டில் யாருமே சாப்பிட வேண்டாம். சூட்டில் கிடந்த அடைத்த பாக்கெட்டில் நரம்புகளைத் தாக்கும் பாட்டுலிசம் நஞ்சும் உருவாகலாம், அதைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. வழி முழுக்கக் குளிரிலேயே வந்திருந்தால், துண்டாக்கி வாணலியில் போட்டு, உள்வரை ஆவி பறக்கச் சூடாக்கி, சதை வெளுத்து உதிரும் பதம் வந்ததும் சாப்பிடலாம். உப்பு அதிகம், அதனால் கொஞ்சமாக. வெட்டிய பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் அதில் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். டின்னில் அடைத்து வெளியில் வைத்தே விற்கும் புகைமீனுக்கு இந்தப் பயம் இல்லை.

கருவாட்டை நாம் குழம்பில் கொதிக்கவைத்துத்தான் சாப்பிடுகிறோம், அதனால் லிஸ்டீரியா கவலை இல்லை. ஆனால் ரத்த அழுத்தம் இருந்தால் உப்புக்காக ஒதுக்கிவையுங்கள்.

அப்புறம், மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: மீனை நிறுத்தக் கூடாது. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு அதில் இருக்கிறது. பெரிய மார்க்கெட்டில் கிடைக்கும் மத்தி, நெத்திலி, கானாங்கத்தை எல்லாம் நல்லவை, பாதரசமும் குறைவு. வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். சுறாவில் பாதரசம் அதிகம். சமைத்தாலும் புகையூட்டினாலும் அது போகாது. பிரசவத்துக்குப் பிறகு பால் சுரக்கட்டும் என்று சுறாப் புட்டு செய்ய நினைத்திருந்தால், அதற்குப் பதிலாக நெத்திலிப் புட்டு செய்யச் சொல்லுங்கள்.