மண்ணெண்ணெய் அவுட்போர்டு: டீசல் கலக்கலாமா, பெட்ரோலுக்கு மாறிவிடலாமா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் பைபர் வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறேன். டூ ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் அவுட்போர்டு (வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சின்), 9.9 எச்.பி. மானிய மண்ணெண்ணெய் மாதக் கடைசி வரை வருவதில்லை. வெளியில் வாங்கினால் கட்டுப்படியாகவில்லை. மச்சான், "டீசலைக் கொஞ்சம் கலந்து ஓட்டு" என்கிறார். மகனோ, இதிலேயே பெட்ரோல் ஊற்றலாம், இல்லாவிட்டால் ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் வாங்கிவிடலாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மச்சான் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, டீசல் வேண்டாம்.

மண்ணெண்ணெயே லேசில் ஆவியாகாத எண்ணெய். அதனால்தான் காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்புகிறீர்கள். டீசல் அதைவிடக் கனமானது. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டர் அதைத் துளியாகத்தான் உள்ளே அனுப்பும். பாதி எரியும், மீதி கரியாகப் படியும். முதல் சில நாள் இழுவை நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். பிறகு பிளக் அடிக்கடி அடைக்கும், புகை கூடும், பிஸ்டன் ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கயிற்றை இழுக்கும்போது கைக்கு எதிர்ப்பே இல்லாமல் லேசாக வந்தால், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் பலம்) போய்விட்டது என்று அர்த்தம். அதன்பின் ஆகும் செலவில் பல மாத மண்ணெண்ணெய் வாங்கியிருக்கலாம்.

அடுத்து, இதே எஞ்சினில் பெட்ரோல். ஓடும். ஸ்டார்ட் ஆவதே பெட்ரோலில்தானே! ஆனால் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பெட்ரோலின் ஆக்டேன் எண் (அழுத்தத்தில் முன்கூட்டியே வெடித்துத் தட்டாமல் எரியும் திறனைக் காட்டுவது) 90-க்கு மேல். மண்ணெண்ணெய்க்கு அதில் பாதிகூடத் தேறாது. அது தட்டாமல் எரிவதற்காக உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷனைக் கம்பெனியிலேயே குறைத்துத்தான் செய்திருப்பார்கள். (யமஹாவின் ஈகே வரிசையில் வரும் அந்த 'கே' எழுத்து மண்ணெண்ணெய் மாடலைக் குறிப்பது.) குறைந்த கம்ப்ரஷனில் நல்ல பெட்ரோலை ஊற்றினாலும் அதன் முழு வேலையை வாங்க முடியாது. போதாததற்கு, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் மண்ணெண்ணெயைவிட அதில் வெப்பச் சக்தி சுமார் 15 சதவீதம் குறைவு. அதாவது விலை கூடும், லிட்டரும் கூடும். மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

அப்படி ஓட்டும் நாட்களில் முதலில் கவனிக்க வேண்டியது ஆயில். ஸ்டார்ட்டிங் பெட்ரோலில் டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எரிபொருளோடு கலக்கும் ஆயில்) கலக்காமல் ஊற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. இரண்டு நிமிட ஓட்டத்துக்கு அது எப்படியோ தாங்கிவிடுகிறது. அதே பழக்கத்தில் பெரிய கேனையும் வெறும் பெட்ரோலால் நிரப்பினால் நடுக்கடலில் பிஸ்டன் பிடித்துவிடும். கையேட்டில் 50-க்கு 1 என்று இருந்தால் 20 லிட்டருக்கு 400 மில்லி. கண் அளவு வேண்டாம், அளந்தே ஊற்றுங்கள்.

இரண்டாவது, எத்தனால். அவுட்போர்டு செய்யும் பெரிய கம்பெனிகள் பொதுவாக 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கார்பரேட்டரின் அதே ஜெட்டில் (எரிபொருள் வரும் சிறு துளை) கலவை மெலிந்து, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல், எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். புது கார், பைக்கில் கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்துவிடும். கார்பரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. பெட்ரோலில் ஓட்டிவிட்டு வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. கருப்பாக ஈரமாக இருந்தால் கலவை கனம். வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டுமா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அதுவரை முழு ஆக்சிலேட்டரில் ஓட்டாதீர்கள்.

மூன்றாவது தண்ணீர். மண்ணெண்ணெய் கேனில் தண்ணீர் இறங்கினால் அடியில் தனியாக நிற்கும், பார்த்து வடித்துவிடலாம். இ20-ல் அப்படியில்லை. கொஞ்சம் தண்ணீர் வரை எத்தனால் அதைக் கரைத்து மறைத்து வைத்திருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கும். ஆயில் கலந்த பெட்ரோல் மேலே மிதக்கும். கேனின் உறிஞ்சு குழாய் இருப்பதோ அடியில். எஞ்சினுக்குப் போவது ஆயிலே இல்லாத எத்தனால் தண்ணீர். காரைவிட டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு எத்தனால் ஆபத்தாவது இதனால்தான். உப்புத் தண்ணீர் தெறிக்கும் வள்ளத்தில் கேன் மூடியின் வாஷர் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள். அன்றைக்கு வாங்கிய பெட்ரோலை அன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது. கண்ணாடிக் கிண்ணம் வைத்த தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை லைனில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் குழாயும் கைப்பம்பும் எத்தனாலில் ஊறி மெத்தென்று ஆகும், இல்லையென்றால் வெடிக்கும். விரலால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாங்கிய பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் என்று பார்க்க ஆசையிருந்தால், ஆயில் கலப்பதற்கு முன் மெலிந்து உயரமான கண்ணாடி அளவு குடுவையில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மூடியை அவ்வப்போது திறந்து காற்றை விடுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. தெளிந்த பிறகு அடியில் நிற்கும் தண்ணீர் 10-லிருந்து 25, 28 வரை ஏறியிருந்தால் அது இ20. சோதித்த பெட்ரோலைத் திரும்பக் கேனில் ஊற்றிவிடாதீர்கள்.

இனி மகனுடைய ஃபோர் ஸ்ட்ரோக். கணக்கில் மகன் சொல்வது சரிதான். கார்பரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் கலவையில் கால் பங்கு வரை எரியாமலே புகைவழியில் வெளியேறிவிடும். கரையில் தண்ணீர்மேல் வானவில்லாக மிதக்கிறதே, அதில் உங்கள் காசும் உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்த வீணடிப்பு இல்லை. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். தினமும் கலக்கும் டூ-டி ஆயிலும் மிச்சம். தோராயமாக, 20 லிட்டர் எரித்த இடத்தில் 14 லிட்டர் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால், நீங்கள் வாங்கும் மண்ணெண்ணெயின் சராசரி விலை (மானியம், வெளிச்சந்தை இரண்டையும் சேர்த்து) 70-ஐத் தாண்டும்போது ஃபோர் ஸ்ட்ரோக் ஜெயிக்கத் தொடங்குகிறது. அதற்குக் கீழே என்றால் இருக்கிற எஞ்சினையே ஓட்டுங்கள், கடன் வாங்க வேண்டாம்.

ஆனால் நான் முதலில் கேட்பது, வள்ளத்தை எங்கே கட்டுகிறீர்கள் என்பதைத்தான். துறைமுகத்திலோ கழிமுகத்திலோ கட்டிப்போட்டு எஞ்சினை அப்படியே விடுகிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம். தினமும் அலையில் கரையேற்றி, எஞ்சினைக் கழற்றித் தோளில் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு எடை கூடுதல். இதன் அடியில் ஆயில் தொட்டி உண்டு. கையேட்டில் சொன்ன பக்கமாகத்தான் கிடத்த வேண்டும். மறுபக்கம் கிடத்தினால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி, மறுநாள் கயிறு இழுக்கவே வராது. ஆயிலை முதல் 20 மணி நேரத்தில் ஒரு தடவை, பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது வழக்கம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அதைத் திறந்து பழகிய மெக்கானிக் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். எத்தனால் எச்சரிக்கை இதற்கும் உண்டு. கடைக்காரரிடம் வாய்ப்பேச்சாக இல்லாமல், இ20 ஊற்றினால் வாரண்டி நிற்குமா என்று எழுதி வாங்குங்கள்.

இரவு கடலிலேயே தங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு ஒன்று. மண்ணெண்ணெய் கேன் பக்கத்தில் அடுப்பு மூட்டிப் பழகிய கை, பெட்ரோலிலும் அப்படியே செய்யும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். வள்ளத்தின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோலுக்கு மாறினால் வள்ளத்தில் அடுப்பு மூட்டுவதையே விட்டுவிடுங்கள்.

பழைய எஞ்சினை அவசரத்துக்கு என்று வைத்துக்கொள்வதாக இருந்தால், கடைசி ஓட்டத்தில் கரை நெருங்கும்போதே ஆயில் கலந்த பெட்ரோலுக்குத் திருப்பி, மூன்று நிமிடம் ஓட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, கார்பரேட்டரை வடித்து வையுங்கள். மீந்த மண்ணெண்ணெயைப் புது ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஊற்றித் தீர்த்துவிடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். அது எரியாமல் ரிங் வழியாக அடித்தொட்டியில் இறங்கி எஞ்சின் ஆயிலைத் தண்ணீராக்கிவிடும். பேரிங் போன பிறகுதான் தெரியவரும்.