டே கேரில் விட்டதும் ஓயாத சளி, பேதி: குழந்தையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: நாங்கள் காட்பாடியில் இருக்கிறோம். எங்கள் 14 மாதப் பெண் குழந்தையை இரண்டு மாதமாகச் சத்துவாச்சாரியில் ஒரு டே கேரில் விடுகிறோம். சளி விட்டபாடில்லை. போன வாரம் பேதியும் ஆகிவிட்டது. 'வேலையை விட்டுட்டு வீட்டிலேயே பார்த்துக்கோ' என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?

பதில்: சளிக்காக நிறுத்த வேண்டாம். இந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சகஜம். பிள்ளைகள் கூடும் இடத்தில் இன்னும் கூடும். இடையில் நன்றாகச் சாப்பிட்டு, ஓடியாடி, எடை ஏறினால் கவலையில்லை. மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

பேதியை அப்படி விட முடியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் ஒருநாள் அங்கே போங்கள். டயப்பர் மாற்றிய ஆயா எங்கே கை கழுவுகிறார்? அதே சிங்க்கில்தான் பால் பாட்டிலும் கழுவுகிறார்களா? அடுத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும் அதே கைதானா? எனக்கு இந்த மூன்றும்தான் முக்கியம். சுவரில் ஒட்டிய கார்ட்டூன் படமோ, ஏசியோ அல்ல. சானிடைசர் போதாது. பேதி வைரஸ்கள் பலவும் அதற்கு அடங்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். வேலூர் கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் முதலில் குறைவது கை கழுவுவதுதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸைத் தடுக்கும் சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் போட்டிருக்க வேண்டும். 2017 முதல் தமிழக அரசு இலவசமாகத் தருகிறது. இந்தச் சொட்டு மருந்தில் ஒரு வகையான ரோட்டாவேக்கின் பெரிய பரிசோதனை நடந்த மூன்று ஊர்களில் நம் வேலூரும் ஒன்று. விட்டுப்போயிருந்தால் ஒரு வயதுக்கு மேல் தொடங்க முடியாது. தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் ஊசி 16 மாதத்தில் வருகிறது, தவற விடாதீர்கள்.

காலையில் காய்ச்சல் மருந்து கொடுத்து, சூடு குறைந்ததும் கொண்டுபோய் விடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மருந்தில்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பிறகு அனுப்புங்கள். பேதியானால், அது நின்று ஒரு நாளாவது கழியட்டும். ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட் மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். ஜிங்க் மருந்தையும் டாக்டரிடம் கேட்டு 14 நாள் கொடுங்கள். மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண்கள், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராதது, இதில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.