ஆன்ம நண்பரை விட்டு விலகினால் பாவமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

டப்ளின் பக்கத்தில் டாலாவில் இருக்கிறேன். ஜெபக் குழுவில் பழகிய அக்கா ஒருவர், "நாம் இருவரும் அனம் காரா, ஆன்ம நண்பர்கள்" என்றார். 'ஆன்ம நண்பர் இல்லாதவர் தலையில்லாத உடல்' என்று அயர்லாந்தின் புனித பிரிஜித் சொன்னதாகவும் சொன்னார். முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. இப்போது தினமும் இரவு 2 மணி நேரம் போன். அவர் வீட்டு ரகசியமெல்லாம் என் மனதில் கிடக்கிறது. நான் எதையாவது சொல்லாமல் விட்டால் "ஒளிக்கிறாய்" என்கிறார்; வேறொருவரிடம் மனம் திறந்தால் துரோகம் என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. விலகினால் பாவமா?

– ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

பாவமில்லை. பிரிஜித் சொன்னதாக வழங்கும் வாக்கின் பின்னணியைக் கேளுங்கள். தன் ஆன்ம நண்பர் இறந்துபோன ஓர் இளம் குருவிடம் சொன்னது அது. இன்னொருவரைத் தேடிக்கொள்ளும்வரை சாப்பிடாதே என்று அவரை அனுப்பிவைத்தாராம். ஒருவரையே கட்டிக்கொண்டு கிட என்பதற்கு அதில் இடமே இல்லை.

பழைய ஐரிஷ் மடங்களில் இந்த உறவு ஒருவழிப் பாதை. ஒருவர் மனம் திறப்பார். மற்றவர் கேட்டு வழிகாட்டுவார். எகிப்தியப் பாலைவனத் துறவிகள் தம் எண்ணங்களை மூத்தவரிடம் வெளிப்படுத்திய பழக்கத்தின் தொடர்ச்சி இது. 7ஆம் நூற்றாண்டில் கம்மியன் என்ற ஐரிஷ் துறவி எழுதிய பரிகார நூல் (எந்தப் பாவத்துக்கு என்ன பரிகாரம் என்று சொல்வது), தவறு எவ்வளவு காலம் நீடித்தது, எந்த நெருக்கடியில் நடந்தது என்றெல்லாம் எடைபோடச் சொல்கிறது. தவறுக்கு மருந்து அதன் எதிர்க்குணம்: கோபத்துக்குச் சாந்தம், பேராசைக்கு ஈகை. அந்த நூலின் கடும் உபவாசங்கள் நமக்கு வேண்டாம். ஆனால் பேச்சு ஒரு செயலில் முடிய வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். உங்கள் இரவுகளில் விடுபட்டது அதுதான். ஒரே வேதனையை இருவர் சேர்ந்து அசைபோட்டால் நெருக்கம் கூடும். சோர்வும் கூடவே வளரும்.

நீங்கள் வசிக்கும் டாலாவிலேயே மடம் நடத்தியவர் மேல்ருவான் (மறைவு 792). வேறொரு வழிகாட்டியை விட்டு வருபவரிடம், அவரிடம் விடைபெற்று வந்தாயா என்றுதான் அவர் கேட்பாராம். அதே காலத்துத் துறவி ஹெலேர், தன்னிடம் மனம் திறக்க வந்தவர்கள் பாவங்களை மறைப்பதையும் பரிகாரத்தில் அக்கறை காட்டாததையும் கண்டு எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார். கேட்பவரும் முடியாது என்று சொல்லலாம்.

ஆகவே சொல்லாமல் நழுவாதீர்கள். பகலில், நேரில் சந்தித்து, "அக்கா, இரவு 9 மணிக்கு மேல் என்னால் பேச முடியாது. 2 வாரத்துக்கு ஒரு முறை 1 மணி நேரம் உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லுங்கள். ஒரு சந்திப்பில் ஒருவர் மட்டும் பேசட்டும். அடுத்தது மற்றவர் முறை. அடுத்த சந்திப்புக்குள் செய்ய ஒரே ஒரு சிறு காரியத்தை முடிவுசெய்து எழுந்திருங்கள். அவர் சொன்ன ரகசியங்களை, விலகிய பிறகும், யாரிடமும் சொல்லாதீர்கள். ரகசியத்தை வெளியிட்டால் பரிகாரமே கிடையாது என்கிறது மேல்ருவானின் வழிவந்த கல்டீ எனும் ஐரிஷ் துறவிகளின் விதி.

முதல் சில வாரம் அவர் கோபப்படுவார், போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு இரவு இளகி எடுத்துவிட்டால், விடாமல் அடித்தால் எடுப்பாள் என்று ஆகிவிடும். மறுநாள் காலை ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும்.

சாக வேண்டும் என்று அவர் பேசினால் மட்டும் இந்த எல்லை எதுவும் பொருந்தாது. அதைத் தனியே சுமக்காமல், அயர்லாந்தில் 24 மணி நேரமும் இலவசமாக இயங்கும் சமாரிட்டன்ஸ் எண் 116 123-ஐ அவருக்குக் கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112-ஐ அழையுங்கள்.